காய்ச்சல் விட்ட பிறகு

2006 ஜூலையில் அந்தமானில் சிக்குன்குனியா பரவத் தொடங்கியபோது, பிசியோதெரபி அறைக்கு வருகிறவர்களின் நடையே மாறிப்போயிற்று. அதுவரை முதுகு வலி, கழுத்து வலி, மாவுக்கட்டு பிரித்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள் என்றுதான் எங்கள் நாள் போகும். திடீரென்று வாசலில் குதிகாலை ஊன்றத் தயங்குகிறவர்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்கிறவர்கள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறவர்கள். போர்ட் பிளேயரில் குழாய்த் தண்ணீர் தினமும் வராது. டிரம், சின்டெக்ஸ், குடம் என்று கிடைத்ததிலெல்லாம் பிடித்து வைப்போம். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது அங்கேதான். ஒரே வீட்டில் தாத்தா, மருமகள், பேரன் மூவரும் படுத்திருப்பார்கள். (2024-இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பேச்சில் எங்களுக்கு இன்னும் போர்ட் பிளேயர்தான். இங்கும் அப்படியே எழுதுகிறேன்.)

காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கிவிடும். மூட்டு வலிதான் மாதக் கணக்கில் நிற்கும். மெழுகு ஒத்தடம், ஐஎஃப்டி மின்சிகிச்சை, விரல்களை மடக்கி நீட்டும் பயிற்சி என்று காலையிலிருந்து மாலைவரை ஒரே வேலை. அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் ஒரு வித்தியாசத்தைக் கை பழகிக் கற்றுக்கொண்டது: வலியால் எழுந்திருக்காதவர் வேறு, பலமில்லாமல் எழ முடியாதவர் வேறு.

வலிக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து, "வலியைப் பொறுத்துக்கிட்டு ஒரே ஒரு தடவை, கையை ஊனாம எந்திரிங்க" என்றால் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது எழுந்துவிடுவார். பலம் போனவர் முகம் சுளிக்க மாட்டார். முன்னால் சாய்வார், இடுப்பை ஒரு முறை ஆட்டுவார், இரண்டு உள்ளங்கைகளையும் தொடையில் வைத்து அழுத்தி, கை மேல் கையாகத் தன்னையே தூக்கி நிறுத்திக்கொள்வார். அப்படி எழுவதை அவரே கவனித்திருக்க மாட்டார். பிறகு அவரைப் படுக்கவைத்து, தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்வேன். தசை அழற்சி உள்ளவருக்குக் கழுத்தின் முன்பக்கத் தசைகள் சீக்கிரமே சோர்ந்துவிடும். தலையைத் தூக்கிய நொடியில் அது நடுங்கிக் கீழே விழும். அதைப் பார்த்துவிட்டால் அடுத்த கேள்வி, "சாப்பிடறப்ப புரையேறுதா? தண்ணி மூக்குல வருதா?"

பலத்தை 0 முதல் 5 வரை எண் போட்டுக் குறிப்பது எல்லாருக்கும் சொல்லித்தரும் முறை. இரண்டாம் உலகப்போரில் நரம்பில் காயம்பட்ட சிப்பாய்களுக்காகப் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1943-இல் வகுத்தது. நரம்புக் காயத்துக்கு அது போதும். தசை அழற்சியில் 4-க்கும் 5-க்கும் இடையில் நிறைய மறைந்துகொள்ளும்; மூன்று மாதத்தில் ஒருவர் பாதிப் பலம் இழந்திருந்தாலும் தாளில் அதே 4 நிற்கும். ஆகவே இந்த நோயைப் பார்க்கிறவர்கள் எட்டுத் தசைக் கூட்டங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் 10 என்று 80-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். நானும் அதற்கு மாறிவிட்டேன். கழுத்து, தோள், புயம், மணிக்கட்டு, இடுப்பின் பின்புறமும் பக்கமும், தொடை, கணுக்கால். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஸ்கேன் இல்லாத தீவிலும் செய்யலாம்.

சிக்குன்குனியா மூட்டை மட்டும் தொடும் நோய் என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பரவலிலேயே, இங்கே கை கால் தொய்ந்துபோன நான்கு நோயாளிகளைப் பற்றி மண்டல மருத்துவ ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர்கள் 2008-இல் எழுதினார்கள். எங்கள் ஊரின் டாலிகஞ்சில் இருக்கும் ஐசிஎம்ஆர் நிறுவனம் அது. எங்கள் தீவுகளின் காய்ச்சல்களைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு அங்கிருந்து போனதுதான். கை கால் தொய்வதற்கு முதுகுத்தண்டு, நரம்பு, தசை என்று எந்த இடமும் காரணமாகலாம். தசையின் பங்கு தெரியவந்தது இந்தியப் பெருங்கடலின் மறுமூலையிலிருந்து.

ரீயூனியன் தீவை நம்மவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போன தமிழர்களின் வழித்தோன்றல்கள் அங்கே ஏராளம். 2005-06-இல் அந்தத் தீவில் மூன்றில் ஒருவருக்குச் சிக்குன்குனியா வந்தது. தசை வலியும் அழற்சியும் மிகுந்த இரண்டு நோயாளிகளின் தசைத் துணுக்கை எடுத்துப் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தார் சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். வைரஸ் தசை நாருக்குள் இல்லை. நாரின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, நார் சேதமாகும்போது புது நாரை உண்டாக்கும் துணைச் செல்களுக்குள் இருந்தது. அதைப் படித்தபோது எனக்குப் பல நாள் கேள்வி ஒன்றுக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. எலும்பு முறிந்து ஆறு வாரம் கட்டில் கிடந்த கால் தேறுகிற வேகத்தில் சிக்குன்குனியாக் கால் தேறுவதில்லை. பழுதுபார்க்கும் செல்லையே வைரஸ் பிடித்தால் தேறுவது மெதுவாகத்தானே இருக்கும்? இரண்டு நோயாளிகளை வைத்து எல்லாருக்கும் சொல்லிவிட முடியாது, உண்மை. ஆனாலும் அன்றிலிருந்து சிக்குன்குனியா வந்தவர்களுக்கு எடை தூக்கும் பயிற்சியை நான் அவசரப்படுத்துவதில்லை.

வைரஸ் தசையை நேராகத் தாக்குவது வேறொரு வடிவத்தில் குழந்தைகளிடம் வருகிறது. ஆறேழு வயதுப் பையன், பெரும்பாலும் பையன்தான். நாலு நாள் சளிக்காய்ச்சல். காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் கட்டிலை விட்டு இறங்கியவன் நுனிக்காலில் நடக்கிறான், அல்லது நடக்கவே மாட்டேன் என்கிறான். தூக்கிக்கொண்டு ஓடிவரும் அம்மாவின் கண்ணில் போலியோ தெரியும். வாய் அந்தச் சொல்லைச் சொல்லாது. பையனின் கெண்டைச்சதையை இரண்டு விரலால் லேசாகத் தொட்டாலே காலை இழுத்துக்கொள்வான். முழங்காலில் சுத்தியல் தட்டினால் கால் ஒழுங்காகத் துள்ளும்; உணர்ச்சி சரியாக இருக்கும். ரத்தத்தில் சிபிகே, அதாவது தசை நார் உடையும்போது வெளியே கசியும் நொதி, 200-க்குள் இருக்க வேண்டியது ஆயிரங்களில் நிற்கும். 1957-இல் லுண்ட்பெர்க் என்ற ஸ்வீடன் மருத்துவர் இதை விவரித்தார். இன்ஃபுளுயன்சா, அதிலும் பி வகை, முதல் காரணம், டெங்குவிலும் வரும். ஒரு வாரத்துக்குள் தானாகச் சரியாகிவிடும்.

இங்கே என் வேலை கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். நம் வீடுகளில் கால் வலி என்றால் எண்ணெய் காய்ச்சி நீவிவிடுவது முதல் வைத்தியம். உடைந்துகொண்டிருக்கும் நாரை அழுத்தி நீவினால் இன்னும் உடையும். "தொடாதீங்கம்மா, தண்ணி நிறைய குடுங்க, ஒன்னுக்கு கோலா கலர்ல போனா ராத்திரின்னாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்புவேன். உடைந்த தசையிலிருந்து வெளிவரும் நிறமி சிறுநீரகத்தை அடைத்துவிடக்கூடும்; அபூர்வம்தான், ஆனால் தீவில் அந்த ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் யாரையும் அனுப்ப முடியாது. ராத்திரி நேரத்தில் ஹட் பேயிலிருந்தோ ஹேவ்லாக்கிலிருந்தோ போர்ட் பிளேயர் வருவது லேசுப்பட்ட காரியமா?

பெரியவர்களுக்குக் கெண்டைச்சதை வலித்து, காய்ச்சலும் இருந்து, வயலில் இறங்குகிறவர் என்றால் வைரஸை மறந்துவிட்டு எலிக்காய்ச்சலை முதலில் நினைக்க வேண்டும். 1980-களின் கடைசியிலிருந்து வடக்கு அந்தமானில் நுரையீரலில் ரத்தம் கசிந்து ஆட்கள் இறந்த காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். 1993-இல் டிக்லிபூரில் ஆராய்ந்து, அது லெப்டோஸ்பைரா பாக்டீரியா என்று கண்டுபிடித்தது அதே டாலிகஞ்ச் மையம். அதற்கு ஆன்டிபயாட்டிக் இருக்கிறது. பிசியோதெரபிக்கு என்று வந்தவரை, மேசையில் படுக்கவைக்காமல் நேராக மருத்துவரிடம் திருப்பி அனுப்ப வேண்டிய காய்ச்சல் அது.

இனி நான் எழுத வந்த விஷயம்.

நடு அந்தமானிலிருந்து ஓர் அம்மா வந்தார். நாற்பதைத் தாண்டியவர், காலையில் மார்க்கெட்டில் மீன் வெட்டிக்கொடுப்பது தொழில். அந்தமான் ட்ரங்க் ரோட்டில், ஜாரவா காட்டைக் கடக்கும் கான்வாய்க்குக் காத்திருந்து, பஸ்ஸில் வந்திருந்தார். "காச்சல் போயி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சுக்கா. அப்புறமும் தெம்பு வரல. பஸ்ல ஏற முடியல, இவருதான் பின்னால தள்ளிவிட்டாரு" என்றார். வலி இருக்கிறதா என்றால் பெரிதாக இல்லை. தலை சீவ முடியவில்லை. கொடியில் துணி போட முடியவில்லை. மீன் வெட்ட அருவாமணைக்கு முன்னால் உட்கார்ந்துவிடுகிறார், எழுவதற்கு ஆள் வேண்டும்.

அதற்கு முன்பு ஓரிடத்தில் ரத்தம் பார்த்திருந்தார்கள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் கூடியிருந்தன. கல்லீரலில் கோளாறு என்று சொல்லப்பட்டு, எண்ணெயையும் மீனையும் நிறுத்தி, கீழாநெல்லி அரைத்துக் குடித்து, பத்தியத்தில் இன்னும் மெலிந்து வந்திருந்தார். அந்த இரண்டு நொதிகளும் கல்லீரலுக்கு மட்டும் சொந்தமில்லை. தசை உடைந்தாலும் அவை கூடும். மஞ்சள்காமாலையின் பிலிருபின் இயல்பாக இருந்து, இவை இரண்டும் கூடியிருந்து, ஆள் படியேறத் திணறினால் சிபிகே பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய்ச் சங்கதி. கல்லீரல் அழற்சியும் எலிக்காய்ச்சலும் சகஜமாக இருக்கும் எங்கள் தீவுகளில் எஸ்ஜிஓடி கூடினாலே எல்லாரும் கல்லீரலைப் பார்த்துவிடுகிறார்கள். தசையை நினைப்பார் இல்லை. இந்த ஒரு விஷயத்தை நான் பார்க்கும் இளம் மருத்துவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேயிருக்கிறேன்.

சன்னல் வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். இமைகளில் கருமை, லேசாக வீங்கியிருந்தது. மங்கு விழுந்திருக்கிறது என்று பூசிக்கொள்ள ஏதோ கிரீம் வாங்கியிருந்தார். பாடப்புத்தகத்துப் படங்களில் அது ஊதா நிறம். வெள்ளைத் தோலில் எடுத்த படங்கள் அவை. நம் தோலில் ஊதா தெரியாது. கருமையாக, சாம்பல் பூத்ததாகத் தெரியும். விரல் முட்டிகளின் மேல் சொரசொரப்பான தடிப்புகள். "மீனு செதிலும் சோப்பும் பட்டு அப்படி ஆயிடுச்சு" என்றார். செதில் பட்டால் விரல் இடுக்கிலும் உள்ளங்கையிலும் அல்லவா புண்ணாக வேண்டும்? முட்டியின் மேல் மட்டும் வரிசையாக ஏன்? தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னேன். தூக்க முடியவில்லை.

நோய்க்குப் பெயர் சூட்டுவது என் வேலை இல்லை. மருத்துவருக்கு ஒரு கடிதம் எழுதினேன்: காய்ச்சலுக்குப் பின் தோளும் தொடையும் பலமிழந்திருக்கின்றன, கழுத்தும் சேர்ந்திருக்கிறது, தோலில் மாற்றம் உண்டு, சிபிகே பார்க்கவும். பல ஆயிரம் வந்தது. மெயின்லேண்டுக்கு அனுப்பினார்கள். எங்கள் ஊரில் பெரிய நோய் என்றால் சென்னை, இல்லையென்றால் வேலூர். கப்பலில் சென்னைக்கு மூன்று நாள். கழுத்து நிற்காதவரை அலையில் மூன்று நாள் அனுப்பக் கூடாது என்று வற்புறுத்தி விமானத்துக்குக் காசு புரட்டவைத்தோம். வேலூரில் தொடையின் எம்ஆர்ஐ, ஊசி குத்தித் தசையின் மின்னோட்டம் பார்ப்பது, ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை எல்லாம் ஆகி டெர்மட்டோமயோசைட்டிஸ் என்று முடிவானது. தோலும் தசையும் சேர்ந்து அழலும் நோய்.

திரும்பி வந்ததும் அவருடைய வீட்டுக்காரர் கேட்டது இன்றும் எல்லாக் குடும்பமும் கேட்பதுதான்: "அந்தக் காச்சலாலதானே வந்துச்சு?"

இதற்கு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அந்த நடுவில்தான் அரை நூற்றாண்டுக்கும் மேலான தேடல் இருக்கிறது. 1948-இல் நியூயார்க் மாநிலத்தில் காக்சாக்கி என்ற சிற்றூரின் குழந்தைகளிடமிருந்து ஒரு புது வைரஸை கில்பர்ட் டால்டார்ஃப், கிரேஸ் சிக்கிள்ஸ் இருவரும் பிரித்தெடுத்தார்கள். அதைக் கண்டுபிடிக்க வைத்ததே தசைதான்: பிறந்த எலிக்குஞ்சுக்குச் செலுத்தினால் அதன் தசைகள் அழிந்தன. பிறகு அந்தக் குடும்பத்தின் பி வகை வைரஸ் ஒன்றை வைத்து எலிகளில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார்கள். வைரஸ் உடலைவிட்டுப் போய்விடுகிறது. தசை அழற்சி மட்டும் மாதக் கணக்கில் நிற்கிறது. டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில் நெஞ்சுத் தசையைப் பிடித்து மூச்சுவிடாமல் வலிக்கவைத்த கொள்ளைநோய்க்குக் காரணமும் இதே குடும்பம் என்று தெரிந்தது. (தீவுகளில் நோய் எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று தெரிந்துவிடுகிறது, இந்தத் துறையில் தீவுகளின் பெயர் அடிக்கடி வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கும்.) ஜமைக்காவில் 1980-களின் கடைசியில், தசை அழற்சி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு எச்டிஎல்வி-1 என்ற வைரஸ் இருப்பதைக் கண்டார்கள், எச்ஐவி உள்ளவர்களுக்கும் இப்படி வருவதுண்டு.

இவ்வளவும் சேர்ந்தால் வைரஸ்தான் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதிவிடலாம் போலிருக்கும். எழுத முடியவில்லை. அமெரிக்காவில் லாரன் பாக்மன் என்ற குழந்தை மருத்துவர் இந்த நோய் வந்த குழந்தைகளை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்தவர். நோய் தொடங்குவதற்கு முந்தைய மூன்று மாதங்களில் பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குச் சளியோ இருமலோ வந்திருந்தது என்று பதிவுசெய்தவரும் அவர்தான். ஆனால் 1995-இல், மருந்தே தொடங்காத 20 குழந்தைகளின் தசையில், எம்ஆர்ஐ காட்டிய சரியான இடத்திலிருந்து துணுக்கெடுத்து, காக்சாக்கி குடும்பத்தின் மரபுப் பொருளைத் தேடிப் பார்த்தபோது ஒன்றும் கிடைக்கவில்லை. பெரியவர்களிடம் தேடியவர்களில் பலருக்கும் கிடைக்கவில்லை.

வைரஸ் இல்லாத தசையில் என்னதான் நடக்கிறது? 2005-இல் ஸ்டீவன் கிரீன்பெர்க் குழுவினர் டெர்மட்டோமயோசைட்டிஸ் நோயாளிகளின் தசையில் எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று பார்த்தார்கள். வைரஸ் நுழைந்ததும் உடல் சுரக்கும் இன்டர்ஃபெரானால் எழுப்பப்படும் மரபணுக்கள் அத்தனையும் விழித்திருந்தன. இன்ஃபுளுயன்சா வைரஸைத் தடுக்கும் எம்எக்ஸ்ஏ என்ற புரதம் தசை நார்களில் நிறைந்திருந்தது. எதிரி கண்ணில் படவில்லை. பாதுகாப்பு மட்டும் முழு மூச்சில் நடக்கிறது, அந்தப் பாதுகாப்பே நாரைச் சிதைக்கிறது. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சுனாமி வடிந்த பிறகும் மாதக் கணக்கில் சின்ன அதிர்வுக்கெல்லாம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினோம். கடல் அசையாமல் கிடந்தது. ஓடியதில் விழுந்து அடிபட்டவர்கள் உண்டு. அந்த வீட்டுக்காரருக்கும் நான் இப்படித்தான் சொன்னேன். கார் நிக்கோபாரில் சொந்தத்தை இழந்தவர் அவர். தலையாட்டினார்.

அண்மையில் இன்னொரு கண்ணி கிடைத்திருக்கிறது. இந்த நோயின் ஒரு வகையில் எம்டிஏ-5 என்ற புரதத்துக்கு எதிராக உடல் எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது. ஜப்பானில் 2005-இல் முதலில் கண்டார்கள். தசை அதிகம் கெடாது; ஆனால் நுரையீரல் சில வாரங்களிலேயே இறுகிவிடக்கூடும், ஆளையே கொன்றுவிடும். அந்த எம்டிஏ-5 செல்லுக்குள் செய்யும் வேலை என்ன? நுழைந்த வைரஸின் ஆர்என்ஏ-வை அடையாளம் கண்டு இன்டர்ஃபெரானை அழைப்பது. காக்சாக்கி குடும்பத்தையும் கொரோனாவையும் கண்டுகொள்வது அதுதான். வைரஸைப் பார்க்கும் கண்ணையே உடல் பகையாகக் கருதும் நோய்! கோவிட் காலத்தில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இந்த எதிர்ப்பொருள் உள்ளவர்கள் திடீரென்று கூடியதை லீட்ஸின் டெனிஸ் மெக்கானகலும் கலிஃபோர்னியாவின் பிரதீப்தா கோஷும் சேர்ந்து ஆராய்ந்து 2024-இல் எழுதினார்கள்; ஆராயப்பட்டவர்கள் 60 பேர். ஆகவே காய்ச்சலுக்குப் பின் பலவீனத்தோடு வருகிறவரிடம் மூச்சைப் பற்றியும், இந்த வகையில் வரும் விரல் நுனிப் புண்ணைப் பற்றியும் கேட்காமல் இருப்பதில்லை. பேசிக்கொண்டே நடக்கவைத்து, வாக்கியத்தை எங்கே முறிக்கிறார் என்று பார்ப்பேன்.

காய்ச்சலை மட்டும் காரணமாகச் சொல்லி நிறுத்திக்கொள்வதில் ஆபத்து இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். காய்ச்சல் யாருக்குத்தான் வரவில்லை? 2006-இல் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு வந்தது. டெர்மட்டோமயோசைட்டிஸ் பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்கு வரும் நோய். 2011 கணக்கெடுப்பில் எங்கள் தீவுகளின் மொத்த ஜனத்தொகையே 3,80,000 சொச்சம்தான். ஆயிரக்கணக்கானோரைத் தொட்ட வைரஸ் ஒருவரிடம் மட்டும் இதைத் தொடங்கிவைக்கிறது என்றால், அந்த ஒருவரின் உடலில் முன்பே ஏதோ இருந்திருக்க வேண்டும். அது பிறவியில் வந்த வாகாக இருக்கலாம். புற்றுநோயாகவும் இருக்கலாம். நாற்பதைத் தாண்டியவருக்கு இந்த நோய் வந்தால் உடலுக்குள் எங்காவது புற்று ஒளிந்திருக்கிறதா என்று தேடியே ஆக வேண்டும். "காச்சல்தான் காரணம், போதும், இனிமே ஸ்கேன் எதுக்கு?" என்று ஒரு குடும்பம் கேட்டபோது நான் பிடிவாதமாக நின்றேன்; அந்தத் தேடலை வேலூரிலேயே முடித்துவிட்டு வரவைத்தேன்.

இன்னொரு திசையிலிருந்தும் பலவீனம் வரும். சிக்குன்குனியா மூட்டு வலிக்கு யாரோ ஒருவரிடம் ஊசி போட்டு, பொட்டலத்தில் கட்டிய மாத்திரையை மாதக் கணக்கில் விழுங்கியவர்கள். முகம் உப்பியிருக்கும், வயிறு பெருத்திருக்கும், தொடை மட்டும் மெலிந்திருக்கும். எழ முடியாது. சிபிகே பார்த்தால் இயல்பு. பொட்டலத்துக்குள் இருந்தது ஸ்டீராய்டு. அது தொடைத் தசையைக் கரைக்கும். தசை அழற்சிக்கு முதல் மருந்தும் அதே ஸ்டீராய்டுதான் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகிறது. சிகிச்சையில் இருப்பவர் மீண்டும் பலமிழந்தால், நோய் திரும்பியதா, மருந்து தின்கிறதா? சிபிகே-யும் எண்பதுக்கு எத்தனை என்ற என் மதிப்பெண்ணும் சேர்ந்துதான் மருத்துவருக்கு வழி காட்டும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரே ஸ்டூல், ஒரே நேரம், ஒரே கையால் அளக்கிறேன். தானாக நிறுத்திவிடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவது வேறு விபத்து.

நான் படித்த காலத்தில் தசை அழற்சிக்குப் பயிற்சி கூடாது, ஓய்வுதான் என்று எழுதிவைத்திருந்தது. அதை மாற்றியது ஒரு பிசியோதெரபிஸ்ட். ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்காவைச் சேர்ந்த ஹெலேன் அலெக்சாண்டர்சன் 1999-இல் நோய் அடங்கியவர்களிடமும், 2000-இல் நோய் தீவிரமாக இருந்தவர்களிடமும் வீட்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். வாரத்தில் ஐந்து நாள், கால் மணி நேரப் பயிற்சி, கால் மணி நேர நடை, 12 வாரம். சிபிகே ஏறவில்லை, அழற்சி கூடவில்லை. ஆட்களால் முன்பைவிட வேலை செய்ய முடிந்தது. எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய செய்தி எனக்குத் தெரிந்து குறைவு. படுக்கையில் கிடத்திவைத்த எத்தனை பேர் நோயால் இழந்ததைவிட ஓய்வால் இழந்திருப்பார்கள்!

அந்த மீன்காரம்மாவுக்கு ஸ்டீராய்டும் மெத்தோட்ரெக்சேட்டும் தொடங்கிய சில வாரத்தில் கழுத்து நின்றது. படுக்கையில் செய்யும் பயிற்சி, பிறகு சுவரில் விரல் நடத்தித் தோளைத் தூக்குவது, பிறகு எழுந்து உட்காருவது. போர்ட் பிளேயர் வந்துபோக அவருக்கு ஒரு முழு நாள் போய்விடும். ஆகவே மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லிவிட்டு, மற்ற நாட்களில் மகள் போனில் எடுத்து அனுப்பும் வீடியோவைப் பார்க்கிறேன். நெட் கிடைக்காத மழை நாட்களில் அதுவும் தாமதமாகத்தான் வரும். வெயிலில் உட்கார வேண்டாம் என்றதற்கு, மார்க்கெட்டில் நிழல் பக்கம் இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வெயில் அந்தத் தோலை மறுபடி கிளறிவிடும்.

அவர் கேட்டது ஒன்றுதான்: "அருவாமணைக்கு முன்னால குத்தவச்சு உக்காந்து, நானே எந்திரிக்கணும்க்கா, எப்ப முடியும்?" அதற்காக வீட்டில் சிமெண்டு கற்களை அடுக்கி ஓர் இருக்கை செய்யச் சொன்னேன். முதலில் நாற்காலி உயரம். கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார முடிந்தால் ஒரு கல்லை எடுத்துவிடலாம். மறுநாள் தொடை வலித்தால் பரவாயில்லை. மூன்றாவது நாளும் வலித்தால் கல் திரும்பப் போகும். ஸ்டீராய்டு அளவைக் குறைக்கும் வாரங்களில் கல்லை எடுப்பதில்லை, சிபிகே வந்த பிறகே அடுத்தது. இதுவரை மூன்று கல் எடுத்தாகிவிட்டது.